சுவரைப் பார்த்த கார்டு

நொச்சிக்காட்டுவலசில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிவதையும் அந்தந்த வீட்டு கிராபிக்ஸ் கார்டுதான் வரைய வேண்டும். வசதியுள்ளவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியும், மலைமேல் கோயில் தெரியும், கோயில் படியில் உட்கார்ந்து தலை உலர்த்துகிறவர்களும் தெரிவார்கள். நடுத்தரமானவர்களுக்கு மலை வெறும் முக்கோணம். அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு மலை கிடையாது. குளம் வரைக்கும் ஊர், அதற்கப்பால் வெள்ளை.

மயிலாத்தாள் வீடு இப்போது இந்தக் கடைசி ரகம். போன ஆடிக்காற்றில் அவள் வீட்டுக் கார்டின் விசிறி இறக்கை ஒன்று உடைந்தது. சூடு தாங்காமல் கார்டு தன் வேலையைக் குறைத்துக்கொண்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்க்கொண்டிருந்த ரோடு குளத்தங்கரை அரசமரத்தோடு நின்றுவிட்டது. அவள் கணவர் நாச்சிமுத்து அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். எதிரே ரோடு இல்லை. அதனால் அங்கேயே நின்றார்.

இப்போது பங்குனி. இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாப்பை அரசாங்கக் கார்டு வரைகிறது என்பதால் அதற்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் டீக்கடை உண்டு. பன்னும் டீயுமாக அவர் காலம் ஓடியது. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் மயிலாத்தாளுக்கு போன் செய்வார்.

"பங்காளி வீட்டு ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஜோராப் போகுதுங்களே. அதுல வந்துட்டா என்னுங்?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"அவன் ரோட்டுல கால் வெக்கறதுக்கு, நான் இங்கயே நின்னு வேர் வுட்டுக்கறேன்."

வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன குடும்பம். நாச்சிமுத்து சொன்னதைச் செய்கிற ஆள். அவர் சும்மா நிற்கிற மண்ணும் நல்ல செம்மண். மயிலாத்தாளுக்கு அந்தப் பயம் இருந்தது. அவர் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. படுத்தால் பாய் அகலமாக இருந்தது.

புதுக் கார்டெல்லாம் எட்டாத சமாச்சாரம். பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டிச் சேர்த்த சிறுவாட்டை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் பங்குனிச் சந்தைக்குப் போனாள். சந்தை குளத்துக்கு இந்தப் பக்கமே கூடியது நல்லதாய்ப் போயிற்று.

முளையடித்து வரிசையாகக் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரு கை, இரண்டு கை மாறிய கார்டுகள். தரகர் அர்த்தநாரி தோளில் துண்டோடு அவள்கூட நடந்தார். கார்டுக்குச் சுழி பார்ப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

மூன்று விசிறியோடு பளபளவென்று நின்ற ஒன்றின் முன்னால் மயிலாத்தாள் கொஞ்சம் நின்றுவிட்டாள்.

"அது வேண்டாம் அம்மணி. பிட்காயின் காசு தோண்டுற கொட்டாய்ல ராப்பகலா ஒழைச்சது. மேலுக்கு எண்ணெய் தடவி நிறுத்தியிருக்கறான். வாங்கிக் கட்டுனா ரெண்டே மாசத்துல படுத்துக்கும்."

அடுத்தது கடலோரத்து வீட்டிலிருந்து வந்தது. அர்த்தநாரி மோந்து பார்க்கச் சொன்னார். கருவாட்டு வாடை அடித்தது. அலையை வரைந்து வரைந்து உள்ளே உப்புப் பூத்திருக்கும் என்றார்.

வரிசையின் கடைசியில் ஒற்றை விசிறியோடு ஒரு சின்னக் கார்டு படுத்துக் கிடந்தது. யாரும் சீந்தவில்லை. அதை ஓட்டி வந்த திருப்பூர்க்காரரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னத்தை வரைஞ்சுட்டிருந்துச்சுங்?" என்று கேட்டாள்.

"செவுரு. எங்க சந்துல ஜன்னலுக்கு எதுத்தாப்புல அடுத்த வீட்டுச் செவுருதானுங்."

"வேற?"

"ஒரு பல்லி வரும். அதும் எப்பவாச்சும்."

அர்த்தநாரி உதட்டைப் பிதுக்கினார். "செவுத்தையே பாத்ததுக்குத் தூரம் தெரியாது அம்மணி."

மயிலாத்தாள் வேறு விதமாக நினைத்தாள். ஆயுசுக்கும் ஒரு சுவரை வரைந்தது என்றால் ஆயுசுக்கும் நோகாமல் இருந்தது என்று அர்த்தம். முதுகைத் தடவினாள். ஜில்லென்று இருந்தது. விசிறியில் வாயால் ஊதினாள். சத்தமில்லாமல் வலஞ்சுழியாகச் சுற்றி, மெதுவாக நின்றது.

"பழக்கிக்கலாமுங்ண்ணா. பேசுங்க."

அர்த்தநாரி துண்டைப் போட்டார். துண்டுக்கடியில் இரண்டு ஆண்களும் விரல்களைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். பிறகு அர்த்தநாரி அவளைப் பார்த்து, படியவில்லை என்று தலையாட்டினார். "துண்டை இப்படிக் குடுங்க" என்று மயிலாத்தாள் தானே கையை உள்ளே விட்டாள். திருப்பூர்க்காரர் நீட்டிய விரல்களில் ஒன்றை மடக்கினாள். அவர் மறுபடி நீட்டினார். அவள் மறுபடி மடக்கினாள். பிசிறு வெட்டிக் காய்த்த விரல், வாகாகப் பிடித்தால் விடாது. கடைசியில் அவர் தானாகவே இன்னொரு விரலையும் மடக்கிக்கொண்டு கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

வீட்டில் மாட்டியதும் கார்டு வாசலுக்கு நேரே ஒரு சுவரை வரைந்தது. பழக்கதோஷம். மயிலாத்தாள் கோபப்படவில்லை. காலையில் எழுந்ததும் சுவருக்குச் சாணி தெளித்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்று நயமாகச் சொல்வாள். சுவர் அன்றன்றைக்குக் கொஞ்சம் பின்வாங்கியது. படலைத் தாண்டியது. மாவு மில்லைத் தாண்டியது. அரசமரத்துக்குப் போனதும் அதற்கே சலித்துவிட்டது போல, ஒரு காலையில் சுவரைக் காணவில்லை. பல்லி மட்டும் மரத்தில் இருந்தது. ஆனால் மரத்துக்கப்பால் பழைய வெள்ளைதான்.

"இனி முடுக்க வேண்டியதுதான்" என்றார் அர்த்தநாரி, காபி குடித்துக்கொண்டே. "எடுத்த எடுப்புல வெரட்டாதீங்க. வேகத்தை ஒரு மயிரிழை ஏத்துங்க, ஒரு பொழுது ஓட வுடுங்க. தாங்கி நின்னுருச்சுன்னா மறுக்கா ஒரு இழை. வானத்துல கோடு வுழுந்தா கார்டு நோகுதுன்னு அர்த்தம். கை வெச்சுப் பாத்துக்கோங்க. கருகிப்போச்சுன்னா ரோட்டுல இருக்கற ஆளும் சேந்து போயிருவாரு."

மேற்கு வீட்டு மாப்பிள்ளை அப்படித்தான் போனார். அவர் பாதி வழியில் வந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுக் கார்டு கருகியது. வேறு கார்டு வாங்கி மாட்டினார்கள். ரோடு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய செருப்பு இருந்தது.

மயிலாத்தாள் முடுக்குவதற்கு முன்னால் வேண்டாத பாரத்தைக் குறைத்தாள். புல்லை எடுத்துவிட்டாள். புளியமரத்து நிழலை எடுத்தாள். அதில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து பங்காளி வீட்டு நிழலுக்குப் போயின. காக்காயின் வயிற்றுப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று அதையும் எடுத்தாள். பிறகு ஒரு இழை ஏற்றினாள். ரோடு குளத்தைச் சுற்றிக்கொண்டது. அடுத்த இழைக்கு இட்டேரி வந்தது, இருபுறமும் கள்ளிவேலியோடு. அதற்கடுத்த இழையில், வெள்ளைக்குள் ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, ஓர் ஆள்.

முகம் காகிதத்தை மடித்த மாதிரி நாலைந்து தளமாகத்தான் இருந்தது. கண்ணும் மூக்கும் வரவில்லை. ஆனால் இடுப்பில் கை வைத்து உலகத்தையே குறை சொல்கிற தோரணையில் அந்த நிற்பு வேறு யாருக்கும் வராது. மயிலாத்தாளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள்.

போன் செய்தாள். "ரோடு வந்துருச்சுங் மாமா. கெளம்புங்."

"நம்ம ரோடுதானா?"

"நம்முளுதுதானுங்."

அவர் நடக்க ஆரம்பித்தார். நடக்கிற ஆளை வரைவது நிற்கிற ஆளை வரைவதைவிடப் பாரம். விசிறி ஊளையிட்டது. அவள் ஈரத்துண்டைப் பிழிந்து கார்டைச் சுற்றிப் போட்டு, சுளகை எடுத்து விசிறினாள். அவர் இட்டேரியில் பாதி வந்தபோது வானத்தில் ஒரு கோடு விழுந்தது. கிழக்கிலிருந்து மேற்காக, பச்சையாக. பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. கார்டைத் தொட்டுப் பார்த்தாள். கை பொத்துவிடும் போலிருந்தது.

மேற்கு வீட்டு மாப்பிள்ளையின் செருப்பு ஞாபகம் வந்தது. இனி எதைக் குறைப்பது? ஜன்னலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். இருப்பதிலேயே பெரியது வானம்தான். வானத்தை எடுத்துவிட்டாள்.

கோடுகளும் அதனோடு போயின. விசிறியின் ஊளை தணிந்தது. நாச்சிமுத்து ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோள்துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல நடந்தார். அரசமரத்துக்கு வந்தபோது அவருக்கு மூக்கு வந்தது. மாவு மில்லுக்கு வந்தபோது மீசை. படலைத் திறக்கும்போது முழு நாச்சிமுத்துவும் இருந்தார்.

"என்ன, வானத்தைக் காணோம்?"

"நீங்க வரோணும்னு எடுத்து வெச்சனுங்."

"செரி. தண்ணி கொண்டா."

கால் கழுவி உட்கார்ந்தார். மயிலாத்தாள் சோறு போட்டு, கொள்ளுப் பருப்பு ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தாள். பன் தின்று தின்று கன்னம் ஒடுங்கியிருந்தது. இளைத்துப் போய்விட்டீர்கள் என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் அவள் தலையில் இடக்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி வானத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று ஜன்னலுக்குப் போனாள்.

போனவள் அங்கேயே நின்றாள்.

"ஏனுங்."

"என்ன புள்ள?"

"பஸ் ஸ்டாப்புல ஒருத்தரு நிக்கறாருங்."

நாச்சிமுத்து எச்சில் கையோடு எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார். "அரசாங்கக் கார்டு என்னை இன்னும் அழிக்கல போல. ஆடியிலிருந்து நிக்கறேன், பாவம். காலு கடுக்கும்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுளகை எடுத்தார். ஈரத்துண்டைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது.

"இதை நனைச்சுக் குடுத்துட்டு நீ போனைப் போட்டுக் கெளம்பச் சொல்லு. நான் விசிறறேன்."

மயிலாத்தாள் துண்டை நனைத்துக் கொடுத்தாள். போன் செய்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் இன்னொரு படி அரிசியைக் களைந்தாள்.