சார்ஜ் பட்டியல்

எங்கள் ஊரில் ரீசார்ஜ் பேட்டரிகள் சார்ஜ் எடுத்துக்கொள்வது, அலுவலகத்தில் அதிகாரிகள் சார்ஜ் எடுத்துக்கொள்வது போலத்தான். பழையவை ஒப்படைக்க வேண்டும், புதியவை ஏற்க வேண்டும், நடுவில் ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் உள்ளதற்கு மட்டுமே அவை பொறுப்பு.

என் ரேடியோ கன்ட்ரோல் விமானம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏறியது. செவ்வாய்க்கிழமையும் இறங்கவில்லை. ரிமோட்டில் இருந்த எட்டு பேட்டரிகளும் ஓய்வு பெறும் கட்டத்தில் இருந்தன. ஓய்வு பெறப்போகிறவர்கள் புதிதாக எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வட்டமடிப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை, அதைத் தொடர்ந்தன. இறக்குவது புது முடிவு. அதை அடுத்து வருகிறவை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டன.

விமானத்தின் மேல் என் மனைவியின் தம்பி நயினார் உட்கார்ந்திருந்தான். இறக்கை ஒன்றரை மீட்டர் நீளம், தெர்மோகோல். சம்மணம் போட இடம் இருந்தது. ஒரு வட்டம் போய்விட்டு வருகிறேன் என்று ஏறியவன்.

ரிமோட்டின் சின்னத் திரையில் ஞாயிறன்று ஒன்பது புள்ளி நான்கு வோல்ட் இருந்தது. செவ்வாய் காலை எட்டு புள்ளி ஏழு. எட்டரைக்கு வந்தால் பேட்டரிகள் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ளும். புதியவை வந்து சேராவிட்டால் பதவி காலி. பதவி காலியானால் நயினார் விழுவான். திரையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்க்காத நேரத்தில் குறைவது என் தவறாகிவிடுமோ என்று மறுபடியும் பார்த்தேன்.

ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். மனைவி சங்கரவடிவு குடையோடு பின்னால் வந்தாள். மேலே நயினாரும் வட்டமடித்தபடி கூடவே வந்தான்.

"அத்தான், நேத்தும் இந்தக் கடைக்குத்தான வந்தீக?"

"ஆமா."

"வெறுங்கையோடதான போனீக?"

"ரெண்டு வகை இருக்கு நயினார். யோசிக்கணும்."

"யோசிங்க, யோசிங்க. எனக்கு என்ன, காத்து நல்லாத்தான் அடிக்கி."

சங்கரவடிவு குடையைச் சாய்த்துக்கொண்டாள். "ஃபேன் வாங்க நாலு மாசம் யோசிச்சவுக இவுக. அதுக்குள்ள மழைக்காலம் வந்துட்டு."

கடையை நடத்தும் பியூலா மேடம் இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தார். வெள்ளை உறை போட்டவை இரண்டாயிரம் எம்ஏஹெச் சார்ஜ் கொள்ளும், சும்மா கிடந்தாலும் ஒரு வருஷம் சார்ஜை விடாது. பச்சை உறை போட்டவை இரண்டாயிரத்து எழுநூறு கொள்ளும், ஆனால் சும்மா கிடந்தால் சில வாரங்களில் தாமாகவே காலியாகிவிடும். யாரும் பயன்படுத்தாமலே தீர்ந்துபோகும் என்றார்.

அந்த வாக்கியம் என்னைச் சங்கடப்படுத்தியது. எனக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் அலுவலகத்தில் சார்ஜ் பட்டியல்கள் தயாரித்தவன். என்னிடம் நிறைய இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையை எடுத்தால் என்னைப் போன்றவற்றிடம் நயினாரை ஒப்படைத்ததாக ஆகும். வெள்ளையை எடுத்தால், எழுநூறு குறைவாக எடுத்துவிட்டோமே என்று வாழ்நாள் முழுவதும் தோன்றும்.

"ரெண்டுல எது என் தம்பியக் கீழ இறக்கும்?" என்று சங்கரவடிவு கேட்டாள்.

"ரெண்டுமே இறக்கும்மா," என்றார் பியூலா மேடம். "சார்தான் இறங்க மாட்டேங்கிறார்."

திரை எட்டு புள்ளி ஆறு காட்டியது. வெள்ளையில் எட்டு எடுத்தேன். எட்டும் ஒரே நாளில் தயாரானவையா என்று பார்த்துக்கொண்டேன். ஒன்று மூத்ததாக இருந்தால் மற்ற ஏழும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், வேலை நடக்காது.

மேசையிலேயே பட்டியல் எழுதினேன். ரிமோட் ஒன்று. ஏரியல் ஒன்று. விமானம் ஒன்று. இறக்கை இரண்டு. சக்கரம் மூன்று, அதில் ஒன்று சற்று வளைந்தது. வளைந்த சக்கரத்தைக் குறிப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது. பல பேர் அதை விட்டுவிடுவார்கள்.

பழையவை ஒப்படைத்தன, புதியவை ஏற்றன. நேரம் முற்பகல் பதினொன்று நாற்பது. பழையவை விடுவிப்பு ஆணையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டன.

திரையில் பத்து புள்ளி நான்கு வந்தது. எதிரே இருந்த காலி மனையில் விமானத்தை இறக்கினேன். வளைந்த சக்கரம்கூட நேராக ஓடியது.

நயினார் இறங்கவில்லை. தென்னை மர உயரத்தில், அதே சம்மணத்தில் இருந்தான். அவனுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"அத்தான், வண்டி போயிட்டு."

"தெரியுது."

"பட்டியல்ல என்னை எப்படிப் போட்டிருக்கீக?"

பட்டியலைத் திரும்பப் படித்தேன். அலுவலகத்தில் நாற்காலி ஒன்று என்று எழுதுவோம். அதில் உட்கார்ந்திருப்பவரை எழுதுவதில்லை. முப்பது வருடமும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தணிக்கையில் அதைக் கேட்டதில்லை.

சங்கரவடிவு பட்டியலை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"மறந்தீகளா, விட்டீகளா?"

இரண்டு நாள் தங்குவதாக வந்த நயினார் பதினாலு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறான். சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்து, அத்தானுக்கு இன்னிக்கு உப்பு கம்மி போல, முகம் அப்படி இருக்கு என்பான். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். வளைந்த சக்கரம் நினைவுக்கு வந்த எனக்கு விமானத்தின் மேல் இருந்தவன் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். வழக்கம்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகாது. முழு உண்மையும் ஆகாது.

பியூலா மேடம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பொறுப்பாளர் இல்லாத ஆள் அலுவலக நேரம் முடியும்வரை நிற்பான், ஐந்தே முக்காலுக்கு விழுவான் என்றார்.

"பச்சை பேட்டரி எட்டு எடுத்துக்கிறேன்," என்றேன். "தனிப் பட்டியல் போட்டுடலாம்."

"பேட்டரி பொருளுக்குத்தான் சார் சார்ஜ் எடுக்கும். ஆளுக்கு ஆள்தான் எடுக்கணும்."

"நான் எடுக்கேன்," என்றாள் சங்கரவடிவு.

"கூடப் பிறந்தவங்க எடுக்கக் கூடாதும்மா. பாரபட்சம் வந்துடும். கட்டின வகையில சொந்தம்னா எடுக்கலாம்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நயினார் மேலிருந்து பார்த்தான்.

"அத்தான், கஷ்டமா இருந்தா வேண்டாம். வேற யாரையாச்சும் கேப்போம்."

அவன் இதைக் கிண்டலாகச் சொல்லியிருக்கலாம். குரலில் அது இல்லை. அவன் கைகள் இரண்டும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

புதுத் தாளில் எழுதினேன். நயினார், வயது நாற்பத்தொன்று, ஒருவர். குறிப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், நல்ல நிலையில் உள்ளார் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

பியூலா மேடம் சார்ஜரை மேசை மேல் வைத்து மூடியைத் திறந்தார். சார்ஜை மெதுவாக ஏற்றினால்தான் நிற்கும், ஐந்தரை மணிக்கு முடிந்துவிடும் என்றார்.

"எனக்கு எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்டேன்.

"கொள்றது இருக்கட்டும் சார். விடாம வச்சிருக்கணும்."

செருப்பைக் கழற்றி வைத்தேன். மூன்றாவது குழி எனக்குச் சரியாக இருந்தது.

"பிளஸ் எந்தப் பக்கம் சார்?"

யோசித்தேன். இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. தலைப்பக்கம் என்று சொன்னேன்.

"கால் பக்கம்," என்றாள் சங்கரவடிவு. "இருபத்தெட்டு வருஷமாப் பாக்கேன். கால் பக்கம் போடுங்க."

திருப்பிப் போட்டார்கள். உச்சந்தலையில் ஸ்பிரிங் மெதுவாக அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசல் வழியாக நயினார் தெரிந்தான். நான் எச்சில் விழுங்கினேன். அவன் ஒரு சாண் இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி நேரானான்.

"அத்தான்," என்றான், "பாத்து விழுங்குங்க."