மனித நடமாட்டமற்ற சந்து

தான் எழுதிய கன்னடத்தை இன்னொருவர் வாயால் கேட்பது சகாயநாதனுக்கு அதுவே முதல் தடவை. மைசூர் மாநகராட்சியின் மாடி அறையில், ஆட்சேபணை சொல்ல வந்தவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி சௌம்யா மேடம் அவருடைய பழைய மனு ஒன்றை நிறுத்தி நிதானமாக வாசித்தார். மேற்படி சந்தில் மனித நடமாட்டம் அறவே இல்லை. பன்றிகளும் கூச்சப்பட்டு விலகிப் போகின்றன. பன்றி வந்த இடத்தில் மேடம் லேசாகச் சிரித்தார். சகாயநாதனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. குப்பை அள்ளச் சொல்லிப் பதினோரு வருஷத்தில் பதினான்கு மனுக்கள். ஒன்றையாவது படித்திருக்கிறார்களே! படித்தது மட்டுமா, எல்லாவற்றுக்கும் எண் போட்டு, நாடா கட்டி வைத்திருந்தார்கள்.

எதற்கு என்று அடுத்த நிமிஷம் தெரிந்தது.

மன்னர் காலத்தில் மலம் அள்ளுகிறவர்கள் வீடுகளின் பின்னால் வந்துபோக விட்ட சந்து அது. கன்சர்வென்சி என்று இன்னும் பெயர். அப்பா வீட்டை இரண்டாக்கி முன்பாதியை அண்ணன் லெஸ்லிக்கும் பின்பாதியைச் சகாயநாதனுக்கும் எழுதியபோது, பின்பாதிக்கு வாசலே இல்லை. பழைய கக்கூஸ் சுவரை இடித்துச் சந்தைப் பார்த்து ஒரு கதவு வைத்தார்கள். அந்த வீட்டுக்கு இன்றுவரை அது ஒன்றுதான் வழி. போன வருஷம் லெஸ்லி தன் பாதியை ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு விற்றுவிட்டு மகளோடு பெங்களூர் போய்விட்டார். அந்த வரிசையே விலைபோயிற்று. ஒன்பது மாடிக் குடியிருப்பு வருகிறது. சந்தையும் சேர்த்துக்கொண்டால்தான் மாடிக்கணக்கு ஒத்துவரும். பொதுமக்கள் புழங்காத பாதையென்றால் மூடிவிடலாமாம். புழங்கவில்லை என்பதற்கு அழகான கையெழுத்தில் பதினான்கு சாட்சியங்கள் இருந்தன.

"நான் தினமும் அதில்தான் நடக்கிறேன், மேடம்" என்றார் கன்னடத்தில்.

மேடம் உண்மையான அக்கறையோடு கேட்டார். அப்படியானால் பதினான்கு தடவை அரசாங்கத்துக்குப் பொய் எழுதினீர்களா?

முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் சகாயநாதன். குப்பை கொஞ்சம் கிடக்கிறது என்று எழுதினால் லாரி வராது என்பதும், எழுதியதைப் பொய் என்று சொன்னால் ஃபைல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். "இல்லை மேடம்" என்றார். அந்த இல்லையையும் குறித்துக்கொண்டார்கள்.

படிக்கட்டில் கம்பெனி ஆள் சேகரன் காத்திருந்தான். கொள்ளேகாலத்துக்காரன், மரியாதை சொட்டும்.

"உங்க எழுத்தப் படிச்சேனுங்ணா. எங்க வக்கீலுக்குக்கூட இப்புடி வராதுங்."

"எனக்கு வாசல் வேணும் தம்பி."

"வாசல் உங்குளுதுதானுங்ணா, அத யாரு தொட்டா? அதுக்கு வெளிய இருக்கறதுதான் எங்குளுது."

ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. தகரவேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில், தெருவரைக்கும் கொஞ்சம் இடைவெளி விடுவதாகச் சொன்னான். பதிலுக்கு ஒரு நன்றிக் கடிதம் போதும். கன்னடத்தில், சகாயநாதன் கையாலேயே.

வீட்டில் மனைவி சகாயமேரி அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொஞ்சம் கொளகு, குப்பைன்னு எழுதினா ஆகாதா? பன்னிகூட வராதுன்னா எழுதுவீங்க?"

"ஸ்ட்ராங்கா எழுதலைன்னா யாரும் வரமாட்டாங்க மேரி."

"ஈகப் பாருங்க, இப்ப எல்லாரும் வந்துட்டாங்க."

மறுநாள் காலை சேகரன் டேப்போடு ஒரு ஆளை அழைத்து வந்தான். சகாயநாதனை ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை அளந்தார்கள். பிறகு திருப்பி நிறுத்தி, வயிற்றுக்கும் முதுகுக்கும் அளந்தார்கள். சேகரன் இரண்டாவது அளவை எடுத்துக்கொண்டான்.

"நேரா நடக்கறதுக்கு இதென்ன ரோடுங்களா? பக்கவாட்டுல போனாப் போதும். டேய், அக்காவுக்கு ரெண்டு இஞ்சு சேத்துப் போடு."

"ஏன் தம்பி," என்றாள் மேரி, "நாளைக்கு இவரத் தூக்கிட்டுப் போகணும்னா?"

சேகரன் கேலி செய்யவில்லை. இடைவெளியையும் சகாயநாதனையும் மாறி மாறிப் பார்த்து யோசித்தான்.

"நிக்க வெச்சுக் கொண்டு போயிக்கலாமுங்க்கா."

பதினேழு அங்குலம் என்று முடிவாயிற்று. கடிதம் எழுத சகாயநாதனுக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. முதலில் எழுதியது சப்பென்று இருந்ததால் கிழித்துப் போட்டார். இரண்டாவதில், எங்கள் தேவைக்கு இதுவே மிகத் தாராளம் என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. சேகரன் அதைச் சத்தமாக வாசித்து, ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே அதன் ஜெராக்ஸ் ஒன்றை வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேரி மார்க்கெட் போய்த் திரும்பியபோது தகரம் நின்றிருந்தது. அதன் இந்தப் பக்கத்திலும் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். கம்பெனி எதிலும் கஞ்சத்தனம் செய்யாது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பால்கனியில் ஆரஞ்சுச் சாறு குடிக்கும் படம். மேரி காய்ப்பைகளைத் தலைக்குமேல் ஏற்றிப் பிடித்தாள். மூச்சை இழுத்து, முகத்தைத் தகரத்துப் பக்கம் திருப்பி நுழைந்தாள். சகாயநாதன் கதவுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போய்ப் பையை வாங்கலாம். ஆனால் அதில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது. அவள் கன்னம் அந்த அப்பாவின் சட்டைப்பையில் உரசியது, அம்மாவின் பற்களில் உரசியது. சின்னப் பெண்ணின் கண்ணருகே வந்தபோது அவளுடைய சேலை ஒரு திருகாணியில் மாட்டிக்கொண்டது. கைகள் மேலே இருந்தன. கீழே இறக்க முடியவில்லை. அந்தப் பளபளப்பான கண்ணோடு கண் வைத்தபடி அவள் அப்படியே நின்றாள்.