வடியாத வயிறு

என் மனைவி கலைமணி இறந்து பதினான்கு மாதமாகிறது. அவளுக்கு நாற்பத்தோரு வயது. நாமக்கல்லுக்கு மேற்கே எங்களுக்கு இருபதாயிரம் முட்டைக்கோழிகள் உள்ள பண்ணை இருக்கிறது. பண்ணைக்காரனின் பழக்கம்தான் என்னை அப்படி நடக்கவைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்திருக்கிறேன்.

மாதாமாதம் விலக்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவளுக்கு வயிறு உப்பும், மார்பு கனக்கும், தலை வலிக்கும். தட்டு விழுந்த சத்தத்துக்கும் எரிந்து விழுவாள். சேலத்தில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் விசாரித்து, சதகுப்பையும் சோம்பும் சுக்கும் வாங்கிவந்தேன். நானே இடித்து, கருப்பட்டி போட்டுக் கஷாயம் காய்ச்சினேன். மருந்து கேட்டது. மூன்றாம் மாதம் அவளே, "பரவால்லீங்க, உங்க கோழி வைத்தியம் எனக்கும் புடிக்குது," என்று சிரித்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரியான நாளில் கஷாயத்தைத் தொடங்க வேண்டுமே என்று அவளுடைய தேதிகளைக் குறித்துவைத்தேன். குறித்தது முட்டை அறையில் மாட்டியிருந்த காலண்டரில். எந்த பேட்ச் கோழிக்கு எந்த நாளில் என்ன ஊசி, என்ன மருந்து என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அவளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

வேலையாள் காளிதாஸ் இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டான். முட்டை வண்டி வந்து நின்றிருந்தது. லோடு ஏற்ற நாலைந்து பேர் இருந்தார்கள்.

"ஏனுங் மொதலாளி, சேப்புப் புள்ளி வந்துருச்சாட்ட இருக்குது. ஊட்டுக்குப் போறப்ப ஹெல்மெட் போட்டுட்டுப் போங்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ கொண்டுவந்த கலைமணி வாசலில் நின்றிருந்தாள்.

"என்னையும் ஒரு பேட்ச்சுனு எழுதிப்போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

புள்ளியை நான் அழிக்கவில்லை. அதன் பிறகு அவள் குரலை உயர்த்தினாலே, "கஷாயம் குடிச்சியா?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தீவனம் புழுத்திருக்கிறது என்றாலும் அதுதான். மகள் யுவஸ்ரீயை அவள் தங்கிப் படிக்கும் ஹாஸ்டலிலிருந்து மாற்றுங்கள் என்றாலும் அதுதான். தீவனம் புழுத்துத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் முட்டை அறைக்கே வந்து சொன்னாள்.

"இது அதில்லீங்க. போன தடவ முடிஞ்சு பத்து நாளாச்சு, வயிறு வடியவே இல்ல. ரண்டு வாய் தின்னா நெறஞ்சு போவுது. சேலம் போயி ஒரு ஸ்கேன் பாத்துட்டு வந்தர்லாம்."

நான் அவளைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தேன். அடுத்த புள்ளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"இந்தத் தடவ முந்திக்கிச்சாட்ட இருக்குது. கஷாயத்த ரண்டு வேளையாக் குடி. பண்ணைக்குப் புதுக் குஞ்சு வந்து எறங்குது, அது முடியட்டும், போலாம்."

குஞ்சு இறங்கியது. மூன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அப்போதே ஐஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு நாமக்கல் கோழி ஆய்வகத்துக்கு ஓடினேன். அறுத்துப் பார்க்கச் சொல்லி, சாயங்காலத்துக்குள் காரணத்தோடு திரும்பினேன்.

"என்னவாமா?" என்றாள்.

"தொப்புள்ல சீழாமா. இன்னைக்கே பாத்தது நல்லதாப் போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தை மாதம் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஓடினேன். சினைப்பையில் புற்று. வயிறு முழுக்கப் பரவி நீர் கோத்திருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. கஷாயத்தையும் குறை சொல்லவில்லை. "உப்புசத்துக்கு அதக் குடிச்சதுல தப்பில்லீங்க. அவங்க இது வேறன்னு சொல்லலையா?" என்று கேட்டார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

ஏழு மாதம் இருந்தாள். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். எங்கே வலிக்கிறது என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பேன். "ஒண்ணுமில்லீங்க," என்பாள். வழி கேட்டவருக்குப் பதில் சொல்வது போல அத்தனை மரியாதையாக இருக்கும் அந்தக் குரல். அவள் எரிந்து விழ மாட்டாளா என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் நர்ஸ் வந்து, "எங்கம்மா வலிக்குது? சொன்னாத்தான ஊசி போட முடியும்," என்றாள். கலைமணி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு வெளிய போவட்டுங்க சிஸ்டர். அப்பறம் சொல்றேன்."

நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.