சிவப்பு அட்டை கட்டிய ஹீற்றர்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. என் வாயை அடைப்பதற்காகத் தரப்பட்ட ஒரு பக்கமாகத் தொடங்கியது.

யசோதரன் என் தம்பி மகளின் புருஷன். தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்கு அவன்தான் செயலாளர். போன கிழமை என்னிடம் வந்து, "மாமா, சும்மா கத்திக்கொண்டு திரியாமல் உங்கடை கோவத்தை எழுதித் தாங்கோ. வீட்டிலை காஸ் ஹீற்றரைப் பாதுகாப்பாப் பூட்டுறது எப்பிடி எண்டு ஒரு பக்கம். பேர் மட்டும் ஒருத்தற்றையும் போடாதேங்கோ" என்றான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதமாட்டேன் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பான்.

எழுதினேன். மூன்று தொடக்கம்.

ஒன்று: "குளிர்காலம் வந்துவிட்டது. இல்லங்கள்தோறும் இதமான வெப்பம்—" வெட்டிவிட்டேன். இதம் என்ற சொல்லை என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு: "காஸ் ஹீற்றரைச் சுவரில் பூட்ட லைசென்ஸ் உள்ளவரை மட்டும் கூப்பிடவும். புகைக்குழாய் கூரைக்கு மேலே, வெளியே போகவேண்டும். சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களை அடைக்கக்கூடாது. பூட்டி முடித்தபின் நஞ்சு வாயு வீட்டுக்குள் வருகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லவும்." எல்லாம் உண்மை. ஒருத்தனும் வாசிக்கமாட்டான். நானே தாண்டிப் போவேன்.

மூன்று: "நார்த்மீட்டில் ஒரு வீட்டில் ஒரு பச்சைப்பிள்ளை அழாமல் கிடந்தது."

இதை வெட்டவில்லை. பேரும் போடப்போகிறேன்.

2

யசோதரன் வாங்கியது பழைய செங்கல் வீடு. என் தம்பி மகள் பிரியந்தினிக்கு இந்த வருசம், 2012 ஆனி மாதத்தில் பிள்ளை பிறக்க இருந்தது. சிட்னியில் அது நடுக்குளிர். வீட்டைச் சூடாக்கவேண்டும் என்றதும் முதலில் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். லைசென்ஸ் உள்ளவன். சுவரைத் தட்டினான், கூரைக்குள் ஏறிப் பார்த்தான். பழைய புகைக்கூடு சரிவராது, புதுக்குழாய் ஓட்டுக்கு மேலே எழும்பவேண்டும், இப்போதைக்கு ஹீற்றர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வெள்ளையன் வெருட்டுறான் மாமா" என்றான் யசோதரன். யூனிவேர்சிற்றியில் படித்தவன்.

பிறகு கேதீஸ்வரன் வந்தான். இவனைப் பற்றி எழுதும்போது முதலில் அவனுக்கு ஒரு தங்கப் பல் வைத்தேன், கள்ளக் கண்ணும் வைத்தேன். இரண்டும் பொய். வாசிக்கிறவர்கள் உடனே வெறுக்கட்டும் என்று செய்தேன், அழித்துவிட்டேன். உண்மை இதைவிட மோசம். அவன் நல்ல மனுசன். கோயில் மடைப்பள்ளியில் அண்டா தூக்குவான், செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் நிற்பான். சிட்னியில் எங்கள் ஆட்களின் பாதி வீட்டுக்கு ரைல்ஸ் பதித்தவன், பைப் மாற்றியவன். காஸுக்கு மட்டும் அவனிடம் லைசென்ஸ் இல்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. எங்களுக்குள் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.*

(* கோயிலில் தெரிந்தவன் என்றால் போதும் எங்களுக்கு. பல்லுக் கொதித்தால் டொக்ரரிடம் போவோம். நெருப்பை வீட்டுக்குள் கொண்டுவர மட்டும் தெரிந்தவன் காணும்.)

இடித்த வீடொன்றிலிருந்து கழற்றிய ஹீற்றரைக் கேதீஸ்வரன் கொண்டுவந்து பூட்டினான். கூரை ஓட்டை உடைத்தால் மழை ஒழுகும் என்று புகைக்குழாயைக் கூரைக்குள்ளேயே நிறுத்திவிட்டான். சீலிங்குக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே அதன் வாய். வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது.

3

இனிப் பவளராணி. யசோதரனின் தாய், மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து விசாவில் வந்தவ.

இந்த மனுசியைத் திட்டித்தான் எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் திட்டியும்விட்டேன். பிறகு கிழித்தேன். அவ செய்ததெல்லாம் எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்கிறது. பிள்ளைப்பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது. யன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்குக்குத் துவாய் வைத்து, சுவரில் மேலே இருந்த துவாரங்களைப் பார்த்தா. இந்த நாட்டுப் பழைய வீடுகளில் அவை இருக்கும், சின்னச் சின்ன ஓட்டைகள். இதென்ன கோதாரி, வீட்டுக்குள்ளே காற்று விடுகிறார்கள் என்று கதிரையில் ஏறிப் பழஞ்சீலை கிழித்து ஒவ்வொன்றாக அடைத்தா. ஒன்றையும் தவறவிடவில்லை.

அதன்பிறகு ஹீற்றர் பகலிரவாய் எரிந்தது. எரிந்ததன் புகை கூரைக்குள் போய்த் திரும்ப வீட்டுக்குள்ளேயே இறங்கியது. அந்த நஞ்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை.

பிரியந்தினிக்குத் தலையிடி. பிள்ளைப்பெற்ற உடம்பு, அப்படித்தான் என்றார்கள். கிளினிக்குக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் இடி. பவளராணி சத்தியெடுத்தா. மீன் பிழை என்று மீனைக் கொட்டினார்கள். பிறகு நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி எரித்தார்கள். எல்லாவற்றிலும் பிழை பிடித்தார்கள், சுவரில் எரிந்துகொண்டிருந்ததைத் தவிர.

4

அன்று காலை பக்கத்து வெஸ்ட்மீட்டிலிருந்து பிரியந்தினியின் பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் கொண்டுபோனேன். கதவு திறந்ததும் முகத்தில் ரொட்டி சுடும் போறணையின் சூடு. பிரியந்தினி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"பெரியப்பா, இவன் உங்களை மாதிரி இல்லை. நல்ல குணம். அழுறதே இல்லை."

எட்டிப் பார்த்தேன். பிள்ளை கிடந்தது. பால் குடிக்கவும் எழும்பவில்லையாம். எல்லாருக்கும் அதில் சந்தோசம்.

இந்த இடத்தில் எனக்கு ஏதோ ஞானம் வந்தது என்று எழுதினால் மலரில் நன்றாக இருக்கும். வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்தேன், என் நெற்றி இடிக்கத் தொடங்கியது. எனக்குத் தலையிடி வருவதில்லை. நான் மனுசரையும் நம்பாதவன், மெசினையும் நம்பாதவன். அந்த வீட்டில் புதிதாய் வந்தது எது என்று பார்த்தேன். பிள்ளை, ஹீற்றர். ஹீற்றரை நிறுத்தினேன், யன்னலைத் திறந்தேன், கதிரையில் ஏறிச் சீலையைப் பிடுங்கினேன்.

பவளராணி என் கையைப் பிடித்துத் தொங்கினா. "எடுக்காதேங்கோ அண்ணை. அவளுக்குக் காத்துப் பட்டால் காலம் முழுக்க இடுப்பு நாரி நோகும். ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு. தள்ளி நில்லுங்கோ தங்கச்சி."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். தலை தோளில் ஒரு பக்கமாக விழு—

இந்த வசனத்தை முடிக்கப்போவதில்லை.

அம்புலன்ஸைக் கூப்பிட்டேன், வந்தது. நான் தாயோடும் பிள்ளையோடும் ஒஸ்பிட்டலுக்குப் போனேன். தாயின் இரத்தத்திலும் பிள்ளையின் இரத்தத்திலும் அந்த வாயு இருந்தது. ஒட்சிசன் கொடுத்தார்கள். பிள்ளை அழுதது. பின்னாளில் மூளைக்கு ஏதும் வருமோ என்று கேட்டேன். வளரும்போதுதான் தெரியும் என்றார்கள்.

5

நான் ஒஸ்பிட்டலில் நின்ற நேரம் தீயணைப்புக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். கூரைக்குள் ஏறிக் குழாயைப் பார்த்தார்கள். காஸை நிறுத்தி, ஹீற்றரில் சிவப்பு அட்டை கட்டினார்கள். லைசென்ஸ்காரன் வந்து சரிபார்த்து எழுதித் தராமல் கொளுத்தக்கூடாது. யார் பூட்டியது என்று கேட்டார்கள்.

வீடு வாங்கும்போதே இருந்தது என்றான் யசோதரன்.

அதைக் கேள்விப்பட்டதும் அவனைப் பிடித்தேன். அவனுக்கு வெட்கமுமில்லை.

"லைசென்ஸ்காரன் வந்தால் ஆர் பூட்டினது எண்டு தோண்டுவான் மாமா. கேதீஸ் அண்ணையின்ரை பிழைப்பே போயிடும். எங்கடை ஆளை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?"

"அப்ப பிள்ளையை ஆரிட்டைக் காட்டிக் குடுத்தனீர்?"



கேதீஸ்வரன் பழங்களோடு பிள்ளையைப் பார்க்க வந்தான். உண்மையாகவே அழுதான். கண்ணைத் துடைத்துவிட்டு, ஹீற்றரில் பிழையில்லை, ஓட்டைகளை அடைத்ததுதான் பிழை, குழாயை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சரி என்றான். லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். "லைசென்ஸோ அண்ணை நெருப்பு எரிக்கிறது?" என்று சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பவளராணி மட்டும் சிரிக்கவில்லை. அவ அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்குவதில்லை. தன் கையால்தான் எல்லாம் வந்தது என்று முழுப்பழியையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள்ளேயே நிற்கிறா. அவவுக்கு ஒருவரும் குழாயின் கதையைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். நம்பவில்லை. மகன் படித்தவனாம்.

இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கதையாக எழுதுகிறேன் என்றதும் யசோதரன் கேட்ட முடிவு: பழைய பழக்கத்தால் வந்த ஆபத்து, சீலையை எடுத்ததும் எல்லாம் சுபம். ஒரு நண்பனைக் காப்பாற்றப் பெற்ற தாயை மலரில் அச்சடித்துக் குற்றவாளியாக்கத் துணிந்தவன். இந்த முடிவைக் கொளுத்த நெருப்புக்கூட வேண்டாம், குப்பைவாளி போதும்.

என் கோபத்தின் முடிவு: அந்த அறையில் யசோதரனையும் கேதீஸ்வரனையும் விட்டு, கதவைச் சாத்தி, ஹீற்றரை— வெட்டியிருக்கிறேன். ஆனால் எழுதும்போது சந்தோசமாக இருந்தது. மறைக்கமாட்டேன்.

எனக்கு விருப்பமான முடிவு: முதலில் வந்த அந்த வெள்ளைக்காரன் திரும்ப வருகிறான். பழைய ஹீற்றரைக் கழற்றி எறிகிறான். புதுக்குழாய் ஓட்டுக்கு மேலே எழும்புகிறது. கருவி வைத்துப் பார்த்து, கையெழுத்திட்டுக் கொடுக்கிறான். பவளராணி பிள்ளையைத் தூக்குகிறா. நல்ல முடிவுதான். நடக்கவில்லை.

6

இதுவரை எழுதிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன். பிரியந்தினி எனக்கு ரெலிபோன் எடுத்தாள்.

நாளைக்குக் கேதீஸ் அண்ணை வருகிறார், அட்டையை வெட்டிவிட்டு ஹீற்றரைக் கொளுத்தித் தரப்போகிறார் என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்கவுமில்லை. "சரி பெரியப்பா, வைக்கிறன்" என்றாள். வைக்கவில்லை. பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நல்ல பலத்த அழுகை. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"நான் பாக்கிறன் பிள்ளை" என்றேன். அப்போதுதான் வைத்தாள்.

லைசென்ஸ் இல்லாத காஸ் வேலைகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அதற்கு எடுத்துச் சொன்னால் கேதீஸ்வரனின் பிழைப்புப் போகும். யசோதரன் சொன்ன பொய்யும் வெளியே வரும். அந்த வீட்டு வாசலை நான் பிறகு மிதிக்கமுடியாது. என் தம்பியும் என்னோடு கதைக்கமாட்டான். காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் என்னோடு சுடலைவரைக்கும் வரும். எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கெட்ட பேர் இல்லை. ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் எங்களை வரிசையில் நிறுத்தியபோது, சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கத் தலையாட்டியவனின் முன்னால் நானும் நடந்திருக்கிறேன். அது என்னவென்று யசோதரன் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அச்சடிக்கவிட்டார்களோ என்பதும் தெரிந்திருக்கும். கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவீர்களோ, பக்கத்தில் வந்து நிற்பீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை நான் எழுதமுடியாது. நீங்கள்தான் எழுதவேண்டும். எனக்கு நேரமுமில்லை, அந்த அலுவலகம் பின்னேரம் பூட்டிவிடும்.

எடுத்ததும் என் பேரைக் கேட்பார்களாம். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலும் விடலாமாம்.

சொல்லப்போகிறேன். முழுப்பேரையும், தகப்பன் பேரோடு.