ஐம்பது சதவீதப் பல்செட்

கம்ப்யூட்டரில் வேலைகளைக் குறித்து வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று யாராவது கேட்டால், எனக்கு எங்கள் பல் லேப்தான் ஞாபகம் வரும். லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு அறைதான். டாக்டர்கள் நோயாளியின் வாய் அளவை எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல்செட் செய்து கொடுப்போம். அக்கா மெழுகில் பல் அடுக்குவாள். அத்தான் அதை அச்சில் போட்டு வேகவைத்து, கெட்டியானதும் பாலிஷ் போடுவார். நான் முன் மேசை. டாக்டர்களிடம் பேசுவது, பொய் சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

எந்த வேலை யாரிடம் இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து அவள் உண்டானாள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஏழாம் மாதத்திலிருந்து வீட்டோடு இருக்க வேண்டும், லேப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று. அக்கா கேட்கிற ஆளா? தான் இல்லாவிட்டால் மேல் வரிசை ஒருத்தருக்கும் கீழ் வரிசை இன்னொருத்தருக்கும் போய்விடும் என்று பயந்தாள். அவளை நிம்மதியாக வீட்டில் உட்கார வைக்கத்தான் நாங்கள் சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தோம்.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி வரும். அதில் ஒரு மாதம் ஓசியில் ஓடுகிற சாஃப்ட்வேர் நிறைய இருக்கும். மாவு மூட்டை மாதிரி ஒரு மானிட்டர். அதன் மேல் தினமும் பிளாஸ்டர் தூசு படியும், துடைத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரே நாற்காலியில் நானும் அக்காவும் ஆளுக்குப் பாதி உட்காருவோம். அத்தான் பின்னால் நின்று டீயை உறிஞ்சுவார். பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து குறை சொல்வோம். ஒன்று திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒன்றில் தமிழ் அடித்தால் கட்டம் கட்டமாக வரும். இன்னொன்று கெடு நெருங்கினால் குருவி மாதிரி கத்தியது. அத்தான் அதை உடனே வேண்டாம் என்றுவிட்டார்.

"கத்தறதுக்குத்தான் உங்க அக்கா இருக்காளே. வீட்டுக்கு ஒண்ணு போதும்."

அக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தியைத் திருப்பி அவர் முழங்கையில் ஒரு குத்து விட்டாள்.

கடைசியில் நீல நிறத்தில் பளிச்சென்று ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. வேலைக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம். அதில் டிக் போட்டால் அந்த வரி அழகாக மங்கி மறைந்துவிடும். அக்கா இருக்கும்போதே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். ரெண்டு வாரம் ஜோராகப் போனது. ஒரு நாள் காலையில் லிஸ்ட் சுத்தமாக இருந்தது. நான் பெருமையாகக் காட்டினேன். அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு, அடுத்த திங்களிலிருந்து வரமாட்டேன் என்று தானாகவே சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வானொலிக்காரர் உள்ளே வந்தார். வருடக்கணக்கில் செய்தி வாசித்து ரிட்டையர் ஆனவர். மறுநாள் பழைய நிலையத்தில் அவரைக் கூப்பிட்டு நேரலையில் பேசச் சொல்லியிருந்தார்கள். பல்லில்லாமல் அவர் பேசியதில் பாதி காற்றாகத்தான் வந்தது. அவருடைய பல்செட் இன்னும் டாக்டருக்குப் போய்ச் சேரவில்லையாம். லிஸ்டில் அவர் பெயரே இல்லை. அலமாரியில் பார்த்தால், அக்கா அடுக்கிக் கொடுத்த பற்கள் மெழுகோடு அப்படியே சிரித்துக்கொண்டிருந்தன.

என்ன நடந்தது என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் லேபில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம். டாக்டர் அனுப்பும் அளவுப் பெட்டியோடு வருகிற சீட்டில் ஒரு டிக் போட்டால் 'நான் கையில் எடுத்துவிட்டேன்' என்று அர்த்தம். ரெண்டாவது டிக் விழுந்தால்தான் வேலை முடிந்தது. அத்தான் கைப்பழக்கத்தில் எடுத்தவுடன் கம்ப்யூட்டரிலும் டிக் போட்டிருக்கிறார். அதற்குள் ஒரு அவசர ரிப்பேர் வர, இதை அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்க்கப் போயிருக்கிறார். லிஸ்டிலிருந்து வரி மறைந்ததும் அவர் மனதிலிருந்தும் மறைந்துவிட்டது.

அத்தான் அச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் எங்கயும் போகல. இங்கயே பெத்துக்கறேன்," என்றாள். வானொலிக்காரர் சிரித்துவிட்டு, மறுபடி அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் பல்செட் தயாரானது. டாக்டர் போட்டுப் பார்த்து, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று போனில் சொன்னார். அப்புறம்தான் அத்தான் வெளியே வந்தார். இந்தச் சனியனே வேண்டாம், சீட்டே போதும் என்றார். அக்கா வேறு மாதிரி சொன்னாள்.

"சீட்டுன்னா பெட்டி பெட்டியாத் தேடிப் பாக்க நான் இங்க இருக்கணுமே. நம்ம முத டிக்குக்கு இதுல எடம் இல்ல, அவ்வளவுதான். எடம் இருக்கறதா ஒண்ணு பாருடி."

நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய சிடியிலேயே அது இருந்தது. சாம்பல் நிறம், மூஞ்சியைப் பார்க்கவே சகிக்காது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுத ஒரு இடம் இருந்தது. கையில் எடுத்தால் ஐம்பது, முடிந்தால் நூறு. நூறு போட்டாலும் வரி மறையாது, நாங்களாக அழித்தால்தான் போகும். தமிழை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டோம். முதல் நாளே அத்தான் ஒன்றில் இருபத்தைந்து போட்டிருந்தார்.

"அத்தான், இது என்ன இருபத்தஞ்சு?"

"மனசால எடுத்துட்டேம்மா. இன்னும் கையால எடுக்கல."

அக்கா வீட்டுக்குப் போனாள். முதல் வாரம் மணிக்கொரு தரம் போன் வரும். நான் ஐம்பதில் இருப்பதை எல்லாம் வாசிப்பேன். அவள் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்து, ஏதாவது ஒன்றில் நிறுத்தி, அது ஏன் நேற்றும் ஐம்பது, இன்றும் ஐம்பது என்று அத்தானைக் கேட்கச் சொல்வாள். அடுத்த வாரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் போனே வரவில்லை. நானும் அத்தானும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்தோம். உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்து நானே கூப்பிட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்த குரல்.

"என்னடி, ஏதாவது விட்டுப்போச்சா?"

இல்லை என்றேன். அப்படியானால் வை, தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள். இதற்காகத்தான் அத்தனை சிடியையும் போட்டுப் பார்த்தோம். இருந்தாலும் அன்றைக்கு நாற்காலியில் நான் பழையபடி பாதியில்தான் உட்கார்ந்திருந்தேன். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, டீயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.