கடைசி வருகை

றொஷானி அந்த இணையக் கருத்துக்களத்துக்கு எதையும் வாசிப்பதற்காகப் போனவளல்ல. அங்குள்ள உறுப்பினர் பட்டியலில், 'வடலி' என்ற புனைபெயருக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கும்: 'கடைசி வருகை'. பக்கத்தில் ஒரு திகதி. அந்தத் திகதி புதிதாக இருந்தால் அவளுடைய அண்ணன் கிளின்ரன் உயிரோடு இருக்கிறான்.

அல்லைப்பிட்டி வீட்டுக்கு ஆட்கள் வந்து அவனைப் பெயர் சொல்லி விசாரித்தது 2006இல். மறுநாளே அவன் தீவை விட்டுப் போனான். எங்கே என்று சொல்லவில்லை.

"போன் எடுக்கமாட்டன், காயிதமும் போடமாட்டன்," என்றான். "எங்கட வள்ளம் தூரத்தில வரேக்க நீங்கள் கரையில நிண்டு என்னத்தைப் பாக்கிறனியள்? பாயைத்தானே? அங்க இருந்து ஆரும் கத்திக் கதைக்கிறேல்லையே. அப்பிடி நினைச்சுக்கொள். சனிக்கிழமையில களத்துக்கு வந்திட்டுப் போவன். ஒண்டும் எழுதமாட்டன்."

எழுதினால் தன் நடையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் அஞ்சினான். அந்த அச்சம் நியாயமானது. பிறமொழிச் சொற்களை விலக்குவதா வைத்திருப்பதா என்று களத்தில் நடந்த சண்டைகளில் முன்பு வேறு பெயரில் எழுதிய அவன் குரல் தனியாகக் கேட்கும். 'குசினியையும் கதிரையையும் போர்த்துக்கேயரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து பட்டினி கிடப்போமா?' என்று அவன் கேட்டதைச் சிலர் இன்னமும் மேற்கோள் காட்டினார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பம் இப்போது ஊர்காவற்றுறையில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும், தாயைக் கோயில் வாசலில் இருத்திவிட்டு, றொஷானி அரியநாயகத்தின் தொடர்பு நிலையத்துக்கு நடப்பாள். நேவி சொன்னபடி அவர் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் கணினியில் இருக்க விடுவார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் தமிழ்ச் சண்டை பாக்கவோ?"

"ஓம் அண்ணை. இன்னும் முடியேல்லை."

"ரெண்டாயிரம் வருசமா முடியாதது. நீர் அரை மணித்தியாலத்தில முடிச்சுப்போடுவீரோ?"

2008 ஆவணியில் ஒரு ஞாயிறு, களத்தின் முகப்பிலேயே புதிய விவாதம் ஒன்று நின்றது. ரொறன்ரோவிலிருந்து எழுதும் முகிலன் அதைத் தொடங்கியிருந்தார். 'கடைசி வருகை' என்ற வரியை நீக்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை. 'நாம் எப்போது வந்தோம் என்பதை எவரும் பார்க்கலாமென்றால் அது கண்காணிப்பு. ஊரில் அடுத்தவன் கட்டிய காவலரணைத் திட்டுகிறோம். இங்கே நம் பெயருக்குக் கீழே நாமே ஒன்றைக் கட்டியிருக்கிறோம்.'

ஒளிக்க எதுவுமற்றவருக்கு அச்சமேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். 'அப்படியானால் உம்முடைய கடவுச்சொல்லை இங்கே எழுதும்,' என்று இன்னொருவர் பதில் கொடுத்திருந்தார். 'சேர்வர்' என்று எழுதாதீர், 'வழங்கி' என்று எழுதுக எனத் தூய தமிழ்க்காரர் ஒருவர் இடையில் புகுந்து இரண்டு பக்கத்தாரிடமும் வாங்கிக் கட்டியிருந்தார். வாக்கெடுப்பில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

அதுவரை பார்வையாளராகவே இருந்த றொஷானி அன்று 'கரை' என்ற பெயரில் பதிவுசெய்தாள். எழுத்துத் தமிழைத் தேடிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

'அந்த வரியை எடுத்துப்போடாதையுங்கோ. இங்கை சில வீடுகளில அதைப் பாத்துத்தான் தங்கட ஆள் இருக்கிறானெண்டு அறியினம். எழுதாமல் வந்துபோற ஆக்களும் இருக்கினம்.'

அடுத்த ஞாயிறு பதில்கள் குவிந்திருந்தன. இது கவிதை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சுமொழியின் வலிமை பற்றி இன்னொருவர் மூன்று பந்திகள் எழுதியிருந்தார். அதற்குக் கீழே முகிலன்:

'சகோதரி, உங்கள் வரிகளைப் படித்து அழுதேன். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு நானே பட்டியலைப் பார்த்தேன். எழுதாமல் வந்துபோகிறவர் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அன்போடு தேடுகிறவருக்குத் தெரிவது, வேறு நோக்கத்தோடு தேடுகிறவருக்கும் தெரியும்.'

அதன் பின் எதிர்த்தரப்பார் ஒவ்வொருவராக மனம் மாறியிருந்தார்கள். இறுதியில் களத்தை நடத்தும் மட்டுறுத்துநரின் அறிவிப்பு: வெள்ளிக்கிழமையுடன் அந்த வரி நீக்கப்பட்டது, அனைவரையும் சிந்திக்கவைத்த சகோதரிக்கு நன்றி.

வெள்ளி. சனிக்கிழமைக்கு முதல் நாள்.

அவள் பட்டியலைத் திறந்தாள். 'வடலி' என்ற பெயர் இருந்தது. கீழே வெறும் வெள்ளை.

முகிலனின் பதிலை மறுபடி படித்தாள். அதில் ஒரு பிழையைத் தேடினாள், அகப்படவில்லை. அண்ணனே அந்த விவாதத்தில் எழுதியிருந்தாலும் முகிலனின் பக்கமே நின்றிருப்பான். அவனுக்குத் தனிமடல் அனுப்பும் பெட்டியைத் திறந்து, 'அண்ணா' என்று எழுதினாள். பிறகு மேசைக்கு அப்பால் அரியநாயகம் எழுதிவைத்த தன் அட்டை இலக்கம் நினைவுக்கு வந்தது. இங்கிருந்து ஒரு கோடு அவன் வரைக்கும் போகும். அழித்துவிட்டு எழுந்தாள்.

கோயில் வாசலில் தாய் எழுந்து நின்றாள்.

"வந்தவனோ?"

"தெரியேல்லை அம்மா. இனித் தெரியவும் வராது. அந்தத் திகதி போடுற இடத்தை எடுத்துப்போட்டினம்."

"ஆர்? நேவியோ?"

"இல்லை. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள். நல்ல ஆக்கள்தான். அண்ணா மாதிரி ஆக்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டுதான் எடுத்தவை."

தாய் அவள் பக்கம் நெருங்கி வந்தாள்.

"அப்ப அவை அவனைக் கண்டவையோ?"