முழுப் பத்திரிகையும்

நாற்பது வயதில் கனகமணி பாலக்காட்டில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். அவளுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கல், அறிவில் எந்தக் குறையும் இல்லை என்று அந்த அம்மாள் தெளிவாகச் சொன்னார். சொந்த ஊரான பெருமாட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த அண்ணன் செல்வராஜ், "இத வெளிய சொல்லிப்போடாத" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் சொந்தபந்தம் கூடியிருந்தது. அவருடைய பேத்தியின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. பெரியப்பா வழக்கம்போல, "ஏம்புள்ள மக்கு, இதப் படி பாக்கலாம்" என்று கனகமணியிடம் நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் மக்கு இல்லீங்க பெரியப்பா. எனக்கு டிஸ்லெக்சியா இருக்குதுங்க. எழுத்து மெதுவாத்தான் புடிபடும். இப்பப் படிக்கறனுங்க. முடியற வரைக்கும் ஆரும் எந்திரிக்கக் கூடாது."

எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் பெயரில் தடுமாறியபோது அண்ணன் எடுத்துக்கொடுக்க வந்தான்.

"நானே படிச்சுக்கறன்" என்றாள்.

சிரிப்பு நின்றுபோயிருந்தது. உள்ளே சமைத்து வைத்த சோறு ஆறியது. "போதும் கண்ணு" என்று பெரியப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்து முடித்த பிறகுதான் கனகமணி தலை நிமிர்ந்தாள்.